அலை ஏன் பின்னோக்கித் திரும்புவதில்லை? ஹைகென்ஸ் தத்துவத்தில் ஒரு மாணவி எழுப்பிய ஐயம்

கேள்வி: பாளை டியூஷன் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டிலேயே பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அலை ஒளியியல் பாடத்தில், பதினேழாம் நூற்றாண்டு டச்சு அறிஞர் ஹைகென்ஸ் தந்த தத்துவத்தைப் பல ஆண்டுகளாக ஒரே மாதிரியாகத்தான் நடத்தி வந்திருக்கிறேன். அலைமுகப்பின் (அதாவது அலை ஒரே கணத்தில் எட்டியிருக்கும் புள்ளிகளை இணைக்கும் பரப்பின்) ஒவ்வொரு புள்ளியும் ஒரு புதிய அலைமூலமாகி, எல்லாத் திசைகளிலும் இரண்டாம் நிலைச் சிற்றலைகளைப் பரப்புகிறது என்றும், அந்தச் சிற்றலைகள் அனைத்தையும் தொட்டுச் செல்லும் பொதுத் தொடுபரப்பே சற்று நேரம் கழித்துத் தோன்றும் புதிய அலைமுகப்பு என்றும் சொல்லிவிட்டு, பலகையில் ஒரு கோடு போட்டு, அதன் மேல் ஐந்தாறு புள்ளிகள் வைத்து, கவராயத்தால் வில் வரைந்து, விற்களின் முன்விளிம்பை ஒரு கோட்டால் இணைத்து முடித்துவிடுவேன்.

சென்ற வாரம் ஒரு மாணவி என் கையிலிருந்த கவராயத்தை வாங்கி, அரை வில்லாக நான் போட்டிருந்தவற்றை முழு வட்டங்களாக வரைந்தாள். வட்டங்களின் பின்விளிம்பையும் ஒரு கோட்டால் இணைத்துவிட்டு, "எல்லாத் திசையிலும் என்றுதானே சொன்னீர்கள் டீச்சர், அப்படியானால் இந்தக் கோடும் ஓர் அலைமுகப்புதானே, இது எங்கே போயிற்று?" என்று கேட்டாள். முன்னோக்கிய பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது என்றேன். அவள் விடவில்லை. நயினார்குளத்தில் காற்றில்லாத காலை நேரத்தில் கல் எறிந்தால் வளையம் வெளிப்பக்கமாகத்தான் விரிகிறது, உள்பக்கம் எதுவும் திரும்பி வருவதில்லை, வளையம் கடந்துபோன பிறகு நடுவே தண்ணீர் அமைதியாகிவிடுகிறது, ஆகவே நீங்கள் சொல்வது உண்மையாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் காரணம் என்ன என்று கேட்டாள்.

எனக்குக் காரணம் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். கணிதம் அதிகமில்லாமல், ஆனால் மழுப்பாமல், யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: தேர்வுத் துணை

டீச்சர், பின்னோக்கிய அலையின் செறிவு சுழி என்று ஒரு வரி எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். இதற்கு மேல் பொதுத்தேர்வில் எவரும் கேட்கப் போவதில்லை. நேரத்தை அடுத்த பாடத்திற்குச் செலவிடுங்கள்.

பதில் 2: அம்பை வாத்தியார்

மேலே எழுதியிருப்பவர் தேர்வைப் பற்றிச் சொல்வது சரிதான். ஆனால் கவராயத்தைக் கையில் வாங்கி முழு வட்டம் போட்ட பிள்ளைக்கு அந்த ஒரு வரி போதாது. அம்பாசமுத்திரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதே பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்கும் இக்கேள்விக்கு விடை தெரியப் பதினைந்து ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஹைகென்ஸ் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் 1678இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இக்கருத்தைப் படித்தார்; நூலாக அது 1690இல் வெளிவந்தது. அவருடைய மனத்திலிருந்த ஒளி, இன்று நாம் வரையும் முகடும் அகடுமான சீரான அலையன்று. ஒழுங்கான இடைவெளி ஏதுமின்றி ஒன்றன்பின் ஒன்றாக வரும் தட்டல்களாகவே அவர் அதைக் கருதினார். அலைநீளம் என்ற எண்ணமே அவரிடம் இல்லாதபோது, ஓர் அலை மற்றோர் அலையை அழிக்கும் என்று அவர் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? சிற்றலைகள் எங்கே ஒன்றாகத் தொடுகின்றனவோ அங்கே மட்டுமே அவற்றுக்கு வலிமை உண்டு என்று அவர் வைத்துக்கொண்டார். எதிரொளிப்பு, ஒளிவிலகல், ஐஸ்லாந்து படிகக்கல்லில் ஓர் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரிவது ஆகிய மூன்றையும் அந்த ஓர் அனுமானத்தைக் கொண்டே அவர் விளக்கிக் காட்டியது இன்றைக்கும் வியப்பானது. ஆனால் பின்பக்கத் தொடுகோட்டை அவர் விலக்கியதற்கு அவருடைய வரைபடத்திற்குள் காரணம் கிடையாது. உங்கள் மாணவி கண்டுபிடித்தது உண்மையான ஓட்டைதான்.

ஆனால் அந்த நூலிலேயே அவர் காட்டிய ஓர் உவமை விடைக்கு மிக அருகில் வருகிறது. ஒரே அளவுள்ள உருண்டைகளை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வைத்து, ஒரு முனையில் அதே அளவுள்ள இன்னோர் உருண்டையால் மோதினால், மறுமுனையில் இருப்பது மட்டும் கழன்று ஓடும். இடையில் இருப்பவை அசைந்ததாகவே தெரியாது. நாம் கோலிக்குண்டில் சிறுவயதில் பார்த்ததுதான். இடையிலுள்ள ஒவ்வொரு குண்டும் தன் முன்னால் இருப்பதைத் தட்டுகிறதே, ஏன் பின்னால் இருப்பதைத் திருப்பித் தட்டுவதில்லை? அது வாங்கியது ஓர் இடம் மட்டுமன்று, ஒரு வேகத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறது. அந்த வேகத்திற்குத் திசை இருக்கிறது.

இதைக் கயிற்றில் வைத்துப் பார்த்தால் கணிதமே தேவையில்லை. நீளமான கயிற்றில் ஒரு மேடு வலப்பக்கம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வடிவமுள்ள இன்னொரு மேடு இன்னொரு கயிற்றில் இடப்பக்கம் ஓடுகிறது. இரண்டையும் ஒரு கணத்தில் புகைப்படம் எடுத்தால் இரு படங்களும் ஒன்றாகவே இருக்கும். எது எந்தப் பக்கம் போகிறது என்று படத்தைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், வலப்பக்கம் ஓடும் மேட்டில் உச்சிக்கு வலப்புறத்துக் கயிறு மேலேறிக்கொண்டும் இடப்புறத்துக் கயிறு கீழிறங்கிக்கொண்டும் இருக்கும்; இடப்பக்கம் ஓடும் மேட்டில் இது நேர்மாறாக இருக்கும். ஆகவே ஓர் அலையை முழுமையாகச் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொரு புள்ளியின் இடப்பெயர்ச்சியையும் சொல்ல வேண்டும், அந்தப் புள்ளி அக்கணத்தில் எந்த வேகத்தில் மேலே அல்லது கீழே போய்க்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

நாம் பலகையில் புள்ளி வைத்து வட்டம் போடும்போது இடப்பெயர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு வேகத்தை விட்டுவிடுகிறோம். அங்கேதான் பின்னோக்கிய அலை முளைக்கிறது. இடப்பெயர்ச்சியால் மட்டும் பிறக்கும் சிற்றலை முன்னும் பின்னும் சமமாகப் போகும். வேகத்தால் பிறக்கும் பகுதியை முகப்பின் சாய்வோடு பொருத்திக் கணக்கிட்டால், அது முன்பக்கம் அதே குறியோடும் பின்பக்கம் எதிர்க்குறியோடும் போகும். இரண்டையும் கூட்டினால் முன்னால் ஒன்றுக்கொன்று வலுச்சேர்த்து முழு அலை ஆகிறது; பின்னால் ஒன்றையொன்று தீர்த்து ஒன்றுமில்லாமல் போகிறது. பின்னோக்கிய அலையை எவரும் "புறக்கணிக்க" வேண்டியதில்லை. அது பிறக்கும்போதே அழிந்துவிடுகிறது.

வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1818இல் ஃபிரெனெல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், ஹைகென்ஸின் சிற்றலைகளோடு குறுக்கீட்டு விளைவை (அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதை அல்லது அழிப்பதை) சேர்த்து, விளிம்பு விளைவுக்கு (தடையின் விளிம்பில் ஒளி வளைவதற்கு) எண்களோடு விளக்கம் எழுதி, பாரிஸ் அறிவியல் கழகம் நடத்திய போட்டிக்குத் தந்தார். அப்போட்டியின் நடுவர்களில் ஒருவரான பாய்சான் அதை ஏற்காமல், இக்கணக்கு சரியென்றால் வட்டத்தகட்டின் நிழலுக்கு நட்டநடுவே ஒரு வெளிச்சப்புள்ளி தோன்ற வேண்டுமே என்று மடக்கினார். இன்னொரு நடுவரான அராகோ சோதித்துப் பார்த்தபோது அந்தப் புள்ளி அங்கே இருந்தது. ஆனால் ஃபிரெனெலும் பின்பக்கச் சிற்றலையைக் கையால்தான் நீக்கினார். சாய்வுக் காரணி ஒன்று உண்டு என்று அனுமானித்தாரேயொழிய அதன் வடிவத்தை வருவிக்கவில்லை. 1849இல் ஸ்டோக்ஸும், 1880களின் தொடக்கத்தில் கிர்க்காஃபும் அலைச் சமன்பாட்டிலிருந்தே அதை வருவித்தார்கள். முன்னோக்கிய திசையோடு சிற்றலை அமைக்கும் கோணத்தின் கொசைனை எடுத்து, அதனோடு ஒன்றைக் கூட்டி, இரண்டால் வகுத்தால் கிடைப்பதே அக்காரணி. நேர்முன்னே அதன் மதிப்பு 1, பக்கவாட்டில் அரை, நேர்பின்னே சுழி. சாய்பின்புறத் திசைகளில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்று உங்கள் மாணவி அடுத்துக் கேட்கக்கூடும். ஒரு தனிப்புள்ளிக்கு அது உண்மை. மூடிய முகப்பு முழுவதற்கும் கூட்டினால் உட்புறத்தில் மொத்தமும் சுழியாகிவிடும் என்பது கிர்க்காஃபின் கணக்கில் துல்லியமாகவே வருகிறது.

செய்து பார்க்க ஒரு சோதனை: ஒரு நீண்ட கயிற்றின் நடுப்பகுதியில், வேகம் ஏதும் கொடுக்காமல், ஒரு மேட்டை மட்டும் உண்டாக்கி விட்டுவிடுங்கள். அது இரண்டாகப் பிரிந்து இருபுறமும் பாதிப் பாதி உயரத்தோடு ஓட வேண்டும். முனையைக் கையால் உதறினால் உண்டாகும் மேடு பிரியாமல் ஒரே பக்கம்தான் ஓடும். முதலாவதில் இருப்பது இடப்பெயர்ச்சி மட்டும்; இரண்டாவதில் இரண்டும் இருக்கின்றன.

பதில் 3: டவுன் மைக்செட்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் இயற்பியல் படித்தவன் அல்லன். திருநெல்வேலி டவுனில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழில். ஆனால் ஐயா சொன்ன காரணியின் மதிப்புகளைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முன்னே 1, பக்கத்தில் அரை, பின்னே சுழி என்பது நாங்கள் தினமும் மேடையில் வைக்கும் மைக்கின் படமேயாகும். மைக் பெட்டியோடு வரும் தாளில் இதய வடிவத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்களே, அதே கோடு, அதே சூத்திரம்.

அது எப்படி உண்டாகிறது என்பதிலும் ஐயா சொன்னதே இருக்கிறது. காற்றழுத்தத்தை மட்டும் உணரும் மைக் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலக் கேட்கும். காற்றின் அசைவை உணரும் ரிப்பன் மைக் முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. பின்னாலிருந்து வரும் ஓசைக்கு அதன் மின்குறி மட்டும் தலைகீழாக மாறிவிடும். இவ்விரண்டையும் சம அளவில் கூட்டினால் முன்னால் இரட்டிப்பாகி, பின்னால் ஒன்றையொன்று தின்றுவிடும். இப்போது வரும் மைக்குகளில் இரண்டு உறுப்புகள் இருப்பதில்லை. ஒரே சவ்வின் பின்புறத்தில் துளைகள் விட்டு, பின்னாலிருந்து வரும் ஓசை சவ்வின் இருபுறத்தையும் ஒரே நேரத்தில் அடையும்படி வழி அமைத்து, அதே பலனைக் கொண்டுவருகிறார்கள்.

டீச்சர் இதை வகுப்பில் காட்டவும் செய்யலாம். மேடையில் சிலர் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பாடுவதைப் பார்த்திருப்பீர்கள். பொத்திய மறுகணமே ஹவுலிங் எடுத்துக் காதைக் கிழிக்கும். கூட்டம் மைக்செட்காரனைத் திட்டும். உண்மையில் நடந்தது என்னவென்றால், பின்துளைகளைக் கை அடைத்துவிட்டது. வேகத்தைச் சொல்லும் பாதி போய்விட்டது. அழுத்தத்தைச் சொல்லும் பாதி மட்டும் மிஞ்சியது. எனவே மைக் தனக்குப் பின்னால் இருக்கும் ஒலிபெருக்கிப் பாக்ஸையும் கேட்கத் தொடங்கிவிட்டது. உங்கள் மாணவி வரைந்த முழு வட்டம் இதுதான். சென்ற தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் இதற்காக எனக்குப் பாதி வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வருத்தத்தை இங்கே பெரிதாக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் மேளம் வரும்போது, அடுத்த வீதியில் நிற்பவருக்கு முதலில் தவிலின் தொப்பிச் சத்தம், அதாவது தாழ்ந்த ஓசை தரும் பக்கத்தின் சத்தம்தான் கேட்கும்; ஜால்ராவின் ஓசை மேளக்காரர்கள் முக்குத் திரும்பிய பிறகுதான் தெளிவாகும். எங்கள் கணக்குப்படி 100 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், 5000 ஹெர்ட்ஸுக்கு 7 சென்டிமீட்டருக்கும் குறைவு. நீளமான அலை முக்கைச் சுற்றி வளைந்துவிடுகிறது. இதையும் ஹைகென்ஸைக் கொண்டு விளக்கலாமா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 4: வண்ணார்பேட்டை நீரலை

வாத்தியார் ஐயாவின் விளக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. மைக்செட் அண்ணாச்சி தந்த உவமை உவமையாக மட்டும் நிற்காமல் உண்மையிலேயே அதே கணக்காக இருப்பதையும் உறுதி செய்கிறேன். ஆனால் மாணவியின் கேள்வியில் இரண்டாவது பகுதி ஒன்று இருந்தது. அதை எவரும் தொடவில்லை. குளத்து வளையத்தின் நடுவே தண்ணீர் அமைதியாகிறது என்பதை ஹைகென்ஸுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே வேலை செய்வது வேறு ஒரு காரணம்.

ஹைகென்ஸ் தத்துவம் கூர்மையாகப் பொருந்துவது நாம் வாழும் மூன்று பரிமாண வெளியில், வேகம் அலைநீளத்தைச் சாராத அலைகளுக்குத்தான். கை தட்டினால் ஓசை உங்களைக் கடந்து போய்விடும், வால் எதையும் விட்டுச் செல்லாது. ஆனால் இரண்டு பரிமாணத்தில், அதாவது ஒரு சவ்வின் மேலோ ஒரு பரப்பின் மேலோ மட்டும் பரவும் அலைக்கு இது பொருந்தாது. முகப்பு கடந்த பிறகும் ஒரு வால் இழுத்துக்கொண்டே இருக்கும். பிரெஞ்சுக் கணிதர் அடமார் இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தட்டையான உலகம் ஒன்றில் நாம் வாழ்ந்திருந்தால், ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் படிந்து, பேச்சே குழம்பியிருக்கும்.

அப்படியானால் நயினார்குளத்தில் நடுப்பகுதி ஏன் அமைதியாகிறது? நீரின் மேல் ஓடும் அலைகளின் வேகம் அலைநீளத்தைப் பொறுத்து மாறுகிறது. நீண்ட அலைகளைப் புவியீர்ப்பு நடத்துகிறது, அவற்றில் நீளம் கூடினால் வேகம் கூடும். மிகச் சிறிய அலைகளைப் பரப்பு இழுவிசை நடத்துகிறது, அவற்றில் நீளம் குறைந்தால் வேகம் கூடும். இரண்டுக்கும் இடையில் எங்கோ ஒரு மிகக் குறைந்த வேகம் இருந்தாக வேண்டுமல்லவா? அலைக்கூட்டத்தின் வேகத்தை, அதாவது பல முகடுகள் சேர்ந்த கூட்டம் மொத்தமாக நகரும் வேகத்தை எடுத்துக்கொண்டால், அந்தக் குறைந்த அளவு விநாடிக்கு ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். அதாவது கல் விழுந்ததால் உண்டான கலக்கம் எதுவானாலும், அதைவிட மெதுவாக வெளியேற அதற்கு வழியில்லை. ஆகவே கல் விழுந்து ஐந்து விநாடி கழித்து, நடுவே சுமார் 90 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம் அமைதியாகிவிட்டிருக்கும். அந்த அமைதி வட்டமும் விரிந்துகொண்டே போகும். கல் விழுந்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் மிதக்கும் ஓர் இலையை அடையாளமாக வைத்துக்கொண்டு, கைப்பேசிக் கடிகாரத்தால் உங்கள் மாணவியே இதை அளந்து பார்க்கலாம்.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், வளையத்திற்குள் இருக்கும் தனித்தனி முகடுகள் வளையத்தின் வேகத்தில் போவதில்லை என்பதும் தெரியும். பெரிய கல்லை எறிந்து, ஒரே ஒரு முகட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போங்கள். அது வளையத்தின் உள்விளிம்பில் பிறந்து, முன்னேறி, வெளிவிளிம்பை அடைந்ததும் மறைந்துவிடும். ஆழமான நீரில் நீண்ட அலைகளின் முகடுகள் தம் கூட்டத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் ஓடுகின்றன. நான் இதைப் புத்தகத்தில் படித்துப் பல ஆண்டுகள் கழித்தே கண்ணால் கண்டேன்.

பதில் 5: உவரிக் கரையோரம்

நான் கடற்கரை ஊர்க்காரன். படித்தது கட்டடப் பொறியியல், வேலை கரைப் பாதுகாப்புக் கட்டுமானங்களில். மைக்செட் அண்ணாச்சி முக்குத் திரும்பும் ஓசையைப் பற்றிக் கேட்டிருந்தார். எங்கள் கரையில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பாறாங்கற்களைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் தூண்டில் வளைவின் மேல் நின்று அதன் முனையைக் கவனியுங்கள். வெளிக்கடலிலிருந்து ஏறத்தாழ நேர்க்கோடாக வரும் அலை முனையைத் தொட்டதும், கல்லில் பட்ட பகுதி சிதறிவிடுகிறது. முனைக்கு வெளியே இருக்கும் பகுதி தொடர்ந்து போகிறது. ஆனால் அது வெட்டிவிட்ட துணியைப் போல ஒரே நேர்விளிம்போடு போவதில்லை. முனையை மையமாக வைத்துக் கவராயத்தால் போட்டது போன்ற ஒரு வில், வளைவின் மறைவுப் பக்கத்திற்குள் திரும்பி, வள்ளங்கள் நிற்கும் இடம் வரை வருகிறது. வர வர உயரம் குறைகிறது. ஹைகென்ஸின் சிற்றலையை இயற்கையில் தனியே பார்க்க முடியும் இடம் என் அறிவுக்கு எட்டியவரை இதுதான். வழக்கமாக ஒவ்வொரு புள்ளியின் பக்கவாட்டுச் சிற்றலையும் பக்கத்துப் புள்ளியின் சிற்றலைகளோடு கலந்து தன் அடையாளத்தை இழந்துவிடுகிறது. ஒரு பக்கத்து அண்டையரைக் கல் தடுத்துவிடும்போது, விளிம்பில் நிற்கும் புள்ளியின் சிற்றலை வெளியே தெரிகிறது.

எவ்வளவு வளையும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. 10 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கு ஆழ்கடலில் அலைநீளம் சுமார் 156 மீட்டர். நாலு மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் அது 60 மீட்டரளவுக்குச் சுருங்கிவிடும். இத்தனை நீளமான அலைக்குச் சில நூறு மீட்டர்த் தடுப்பு பெரிய மறைவே அன்று. தடுப்பு கட்டிய பிறகும் உள்ளே அலை வருகிறதே என்று ஊர்க்கூட்டத்தில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. அவர்கள் அதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

அலைமுகப்பு திரும்புவதற்குத் தடுப்பே இல்லாமலும் ஒரு காரணம் உண்டு. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தோடு மாறுகிறது. ஒன்பது மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 9.4 மீட்டர், நாலு மீட்டரில் 6.3, ஒரு மீட்டரில் 3.1. சாய்ந்து வரும் ஓர் அலைமுகப்பில் கரையை நெருங்கிய முனை தளர்ந்து நடக்கும்போது, ஆழத்தில் இருக்கும் முனை விரைந்து வந்து சேர்ந்துகொள்கிறது. அதனால் எந்தத் திசையிலிருந்து காற்றடித்தாலும் கரையை அடையும் அலை ஏறத்தாழக் கரைக்கு இணையாகவே வந்து விழுகிறது. பலகையில் செய்ய வேண்டியதெல்லாம், கவராயத்தைக் கரைப்பக்கத்துப் புள்ளிகளுக்குக் குறுக்கியும் ஆழப்பக்கத்துப் புள்ளிகளுக்கு விரித்தும் பிடிப்பதுதான். ஒளி காற்றிலிருந்து தண்ணீருக்குள் விலகுவதும் இதே கணக்குத்தான். தண்ணீரில் ஒளி மெதுவாகத்தான் போகிறது என்பதை 1850இல் ஃபூக்கோ நேரடியாகக் காட்டினார். வேகமாகப் போகும் என்று எதிர்பார்த்த நியூட்டனின் துகள் கொள்கைக்கு அது பெரிய அடி. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தாலும் பழைய நெல்லைச் சீமையைச் சேர்ந்ததுதான் மணப்பாடு; அங்கே கடலுக்குள் நீண்டிருக்கும் மேட்டின் மேல், திருச்சிலுவைக் கோயிலருகே நின்று பார்த்தால் அலைமுகப்புகள் அம்முனையைச் சுற்றி வளைந்து திரும்புவது விசிறியை விரித்ததுபோலத் தெரியும்.

2004 டிசம்பர் 26ஐ இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. சுமத்ராவுக்கு அருகில் புறப்பட்ட அலைக்கு முன்னே இலங்கை ஒரு பெரிய தூண்டில் வளைவைப் போல நின்றது. நேர்க்கோடு போட்டுப் பார்த்தால் கேரளக் கரையும் குளச்சல் பக்கமும் அதன் மறைவில்தான் இருக்கின்றன. ஆனால் நான்காயிரம் மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அலைக்கு நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அது தீவைச் சுற்றிக்கொண்டு, ஆழம் குறைந்த பக்கமெல்லாம் முகப்பைத் திருப்பிக்கொண்டு வந்து, அந்தக் கரைகளையும் அடித்தது. மறைவு என்று நாம் நினைப்பது ஒளியின் மறைவைத்தான். ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால்தான் அது இத்தனை கூரிய நிழலைத் தருகிறது.

கேட்டவர்: பாளை டியூஷன் டீச்சர்

பதில் தந்த அனைவருக்கும் மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை மாலை, மாணவியையும் இன்னும் மூவரையும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் தட்டட்டியில் வாத்தியார் ஐயா சொன்ன சோதனையைச் செய்தோம். முதலில் துணி காயப்போடும் நைலான் கொடியில் முயன்றோம். அது கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடிவிட்டது. பிறகு புழக்கத்தில் இல்லாத கிணற்று வடத்தை எடுத்து, ஒரு முனையைச் சுவர்க் கொக்கியில் கட்டி, மறுமுனையை ஒருவர் சற்றுத் தளர்வாகப் பிடித்துக்கொண்டார்.

நடுவில் பிடித்துத் தூக்கிவிட்டால் போதும் என்று நினைத்தது எங்கள் தவறு. அப்படித் தூக்கினால் வடம் முழுவதும் ஒரே கூரையாக உயர்கிறதேயொழிய மேடு உண்டாவதில்லை. இருவர் இரண்டு முழ இடைவெளியில் வடத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, மாணவி நடுவே ஒரு சாண் உயர்த்தி, "விடு" என்றதும் மூவரும் ஒன்றாகக் கையை எடுக்க வேண்டியிருந்தது. ஏழெட்டு முறை ஒருவர் முந்தி ஒருவர் பிந்திக் கெட்டுப்போயிற்று. ஒன்பதாவது முறை கைப்பேசியின் மெதுவோட்டக் காணொளியில், ஒரு சாண் மேடு தணிந்து, அரைச் சாண் அளவில் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. முனையிலிருந்து உதறியபோது பிரியவே இல்லை. மைக்கைப் பொத்தும் சோதனையை எங்கள் தெருக் கோயில் கொடைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

இப்போது அவளிடம் புதிய கேள்வி. பின்னோக்கிய அலை தானாக அழிந்துவிடுகிறது என்றால், உதறிய மேடு கொக்கிவரை போய்விட்டுத் தலைகீழாகத் திரும்பி வந்ததே, அந்தப் பின்னோக்கிய அலை எங்கிருந்து வந்தது என்கிறாள்.

பதில் 6: அம்பை வாத்தியார்

கேட்க வேண்டிய கேள்வி. பின்னால் அழிவது என்பது, முன்னும் பின்னும் ஊடகம் ஒரே மாதிரியாக இருக்கும் வரைக்கும்தான். கோலிக்குண்டு வரிசையில் நடுவே ஒரு பெரிய குண்டை வைத்தால், அதன் மேல் மோதும் சின்னக் குண்டு திரும்பி வரும். இதையும் ஹைகென்ஸ் கவனித்திருக்கிறார். கொக்கியில் கட்டிய புள்ளி அசைய முடியாது. இடப்பெயர்ச்சிக்கும் வேகத்துக்கும் இடையே இருந்த பொருத்தம் அங்கே குலைகிறது. பொருத்தம் குலைந்த இடத்தில் பின்பக்கப் பகுதி தீர்ந்துபோகாமல் மிஞ்சுகிறது. அதுதான் திரும்பி வரும் அலை.

உங்களிடம் காணொளி இருப்பதால் ஒன்று சொல்கிறேன். மேடு கொக்கியைத் தொடும் இடத்தை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். நடுவில் ஒரு படத்தில் மேடே இல்லாமல் வடம் ஏறத்தாழ நேராக இருக்க வேண்டும். அக்கணத்தில் இடப்பெயர்ச்சி சுழி. ஆனால் அலை எங்கும் போய்விடவில்லை, முழுவதும் வேகமாக மட்டும் வடத்துக்குள் இருக்கிறது.

கேட்டவர்: பாளை டியூஷன் டீச்சர்

இருக்கிறது ஐயா. ஒரே ஒரு படத்தில் வடம் கோடு போட்டதுபோல நேராக நிற்கிறது. நேற்றுவரை அந்தப் படத்தைக் காணொளியில் ஏற்பட்ட கோளாறு என்று நினைத்து நாங்கள் தாண்டிப் போயிருந்தோம். அடுத்த படத்தில் மேடு கீழ்ப்பக்கம் இறங்கியிருக்கிறது. மாணவி அந்த நேர்க்கோட்டுப் படத்தை மட்டும் தனியாக எடுத்துத் தன் கைப்பேசியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.